பதின்மூன்று ஊரும் ஒரு தேரும்: அமெரிக்கக் காலனிகள் ஒரு நாடான விதம்

அமெரிக்கச் சுதந்திரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை மூன்று. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். 1776 ஜூலை 4 அன்று சுதந்திரம் கிடைத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதி ஆனார். போட்டித் தேர்வுக் கையேடுகள் இந்த மூன்றையும் அடுத்தடுத்த வரியில் போட்டுவிடுவதால், எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்ததுபோல் தோன்றும்.

வாஷிங்டன் பதவியேற்ற நாள் 1789 ஏப்ரல் 30. ஜூலை 4க்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 13 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்த நாட்டை யார் ஆண்டார்கள்? நாட்டின் நிர்வாகத் தலைவராக ஜனாதிபதி இல்லை. பொதுவான நீதித்துறை இல்லை. தானே வரி வசூலிக்கும் மத்திய அரசும் இல்லை. அப்படி ஒன்று ஏன் இல்லாமல் இருந்தது, பிறகு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பிரிந்து போவது ஒரு வேலை. சண்டையில் ஜெயிப்பது இன்னொன்று. ஜெயித்தவர்கள் சேர்ந்து ஓர் அரசைக் கட்டுவது மூன்றாவது. முதல் இரண்டையும் முடித்தவர்கள் மூன்றாவதில் தடுக்கி விழுந்து, பிறகுதான் எழுந்தார்கள்.

முதலில் ஒரு திருவிழாக் கணக்கு

பதின்மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு கோயில் என்று வைத்துக்கொள்வோம். தேர் ஓட வேண்டும். புது வடம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பந்தல், மேளம், வாணவேடிக்கை என்று செலவு இருக்கிறது. பணம் சேர்க்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி: ஒவ்வோர் ஊர் நாட்டாமைக்கும் ‘உங்கள் ஊர்ப் பங்கு இவ்வளவு’ என்று கமிட்டி சீட்டு அனுப்பும். வீடுகளில் வாங்கி அனுப்புவது அந்தந்த ஊரின் பொறுப்பு. ஓர் ஊர் ‘இந்த வருஷம் மழை இல்லை’ என்கிறது. பக்கத்து ஊர் ‘அவர்கள் தரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்கிறது. கமிட்டியால் என்ன செய்ய முடியும்? ஒரு முழு ஊரோடு சண்டைக்கா போக முடியும்?

இரண்டாவது வழி: கமிட்டியின் ஆளே ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்த் தலைக்கட்டு வரி வாங்குவது. ஒரு வீடு தராவிட்டால் அது அந்த ஒரு வீட்டோடு தீர்க்க வேண்டிய விஷயம். ஊர்ப் பகையாக மாறாது.

முதல் வகை ஏற்பாட்டுக்குப் பெயர் கூட்டிணைவு. அதாவது தனித்தனி அரசுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை. பொது அமைப்பு அரசுகளிடம்தான் பேசும், மக்களிடம் அல்ல. இரண்டாவது வகை கூட்டாட்சி. இதில் மாநில அரசும் இருக்கும், பொது அரசும் இருக்கும். இரண்டுமே குடிமக்களிடம் நேரடியாக வரி வாங்கும், நேரடியாகச் சட்டம் செலுத்தும். 1789க்கு முன்பு அமெரிக்கா முதல் வகை. அதன் பிறகு இரண்டாவது வகை. இந்த ஒரு வேறுபாடு மனதில் இருந்தால் மீதிக் கதை பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் ஒன்றியம்தான் மாநில எல்லைகளைப் பிரித்தும் சேர்த்தும் வரைந்தது. அங்கே நிலைமை தலைகீழ். மாநிலங்கள் முன்பே இருந்தன. அவை கூடித்தான் ஒன்றியம் உண்டானது.

காலனிகள் எப்படி இயங்கின

1607இல் வர்ஜீனியாவில் தொடங்கி 1732இல் ஜார்ஜியா வரை, ஒன்றேகால் நூற்றாண்டு இடைவெளியில் ஒவ்வொன்றாக உருவானவை இந்தப் பதின்மூன்று காலனிகள். வர்ஜீனியாவில் புகையிலை, தெற்கு கரோலினாவில் நெல், மாசசூசெட்ஸில் மீனும் கப்பலும். ஒவ்வொன்றும் லண்டனோடுதான் தனித்தனியே உறவு வைத்திருந்தது. ஒன்றுக்கொன்று பெரிய ஒட்டுறவு இல்லை.

பெரும்பாலான காலனிகளில் ஆளுநரை மன்னர் நியமித்தார். ஆனால் வரி போடுவது, செலவுக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் உள்ளூர் சட்டமன்றத்தின் கையில். பல இடங்களில் ஆளுநரின் சம்பளமே சட்டமன்றம் பார்த்துக் கொடுத்தால்தான். ஆளுநர் அதிகமாக முறைத்தால் சம்பளம் தாமதமாகும். நூறாண்டுக்கும் மேலாக இப்படித் தங்கள் பணப்பையைத் தாங்களே வைத்திருந்து பழகியவர்கள் இவர்கள். ஒன்றுமே தெரியாத அடிமை நிலையிலிருந்து திடீரென விழித்துக்கொண்டவர்கள் அல்ல. உண்மையான அடிமைகளும் அங்கே இருந்தார்கள். 1776இல் சுமார் 25 லட்சம் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர் அல்லது அவர்களின் வழிவந்தவர்.

தேயிலை வரி கூடியதா?

1763இல் பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் வென்றிருந்தது. கூடவே பெருங்கடனும் சேர்ந்திருந்தது. போரின் ஒரு பகுதி அமெரிக்காவைக் காக்கத்தானே நடந்தது, அவர்களும் கொஞ்சம் தரட்டும் என்பது லண்டனின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி முத்திரை குத்திய தாள் வேண்டும். உத்தியாகப் பார்த்தால் இது மோசமான தேர்வு. வழக்கறிஞர்களுக்கும் அச்சகக்காரர்களுக்கும் ஒரே நாளில் கோபம் வந்தது. பேசத் தெரிந்தவர்களும் அச்சிடத் தெரிந்தவர்களும் ஒரே பக்கம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை லண்டன் யோசிக்கவில்லை.

காலனிகளின் எதிர்வாதம் தொகையைப் பற்றியது அல்ல. எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் எங்கள் சட்டைப்பையில் கை விடலாமா என்பதுதான். ‘மான்செஸ்டர் நகருக்குக்கூடத்தான் உறுப்பினர் இல்லை, எல்லாருக்காகவும்தான் நாடாளுமன்றம்’ என்ற ரகத்தில் பதில் வந்தது. காலனிகள் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்க மறுத்தன. லண்டன் வணிகர்களுக்கே வலித்தது. 1766இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதோடு சேர்த்து, காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் இயற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றி வைத்தது. பணத்தை விட்டுக்கொடுத்தது, உரிமையை விடவில்லை.

இப்போது தேயிலை. ‘தேயிலை வரியை உயர்த்தியதால் மக்கள் கொதித்தார்கள்’ என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது தவறு. 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் வரியைக் கூட்டவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற வரி 1767 முதல் இருந்ததுதான். புதுச் சட்டத்தால் தேயிலையின் விலை குறைந்தது!

நடந்தது இது. நம் ஊரை ஆண்டதே, அதே கிழக்கிந்தியக் கம்பெனி, அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. 1770 வங்கப் பஞ்சத்தில் வருமானம் அடிவாங்கியது. லண்டன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க அனுமதித்தார்கள். பிரிட்டனில் கட்ட வேண்டிய தீர்வையும் திரும்பக் கிடைத்தது. கடத்தல் தேயிலையைவிடவும் மலிவாக விற்கலாம் என்ற நிலை. அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருந்தது.

காலனிகள் இதைப் பொறியாகப் பார்த்தன. மலிவு என்று வாங்கினால், வரி போடும் உரிமையைத் தேநீரோடு சேர்த்து விழுங்கியதாகிவிடும். உள்ளூர் வணிகர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போகும் என்ற கவலையும் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் உடைக்கப்பட்டு, சுமார் 42 டன் தேயிலை தண்ணீரில் போனது.

பிரிட்டன் தண்டித்தது. பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது, மாசசூசெட்ஸின் சுயாட்சி பறிக்கப்பட்டது. ஒரு காலனியைத் தனிமைப்படுத்தினால் மற்றவை பயந்து அடங்கும் என்பது கணக்கு. நேர்மாறாக, ‘இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு’ என்று 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். இதற்குக் கண்டக் காங்கிரஸ் என்று பெயர். இங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, பிரதிநிதிகளின் கூட்டம். பிரிட்டிஷ் சரக்கு புறக்கணிப்பை நடத்த ஊருக்கு ஊர் கமிட்டி போடச் சொன்னது அது. யார் எந்தச் சரக்கை இறக்குகிறார் என்று கண்காணிக்கத் தொடங்கிய அந்தக் கமிட்டிகளே, மன்னரின் அதிகாரிகள் ஓடியபோது உள்ளூர் நிர்வாகமாகவும் மாறின.

இதுவரை வந்த கதையில் பிரச்சினை வரியின் அளவு அல்ல, வரி போடும் அதிகாரம். இதே கேள்வி பின்னால் வேறு உருவத்தில் இவர்களையே வந்து பிடிக்கப்போகிறது.

ஜூலை 2, ஜூலை 4

1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸின் லெக்சிங்டன், கான்கார்ட் ஊர்களில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஜூனில் வாஷிங்டன் படைத்தலைவரானார். அதாவது அறிவிப்புக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே போர் தொடங்கிவிட்டது.

பிரிந்து போவது என்று காங்கிரஸ் வாக்களித்த நாள் 1776 ஜூலை 2. ஏன் பிரிகிறோம் என்று விளக்கும் வாசகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், ஜூலை 2ஐத்தான் எதிர்காலம் கொண்டாடும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். தேதி இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது.

அறிவிப்புக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. தன் மன்னரோடு மனஸ்தாபப்பட்ட குடிமக்களுக்கு இன்னொரு மன்னர் வெளிப்படையாக உதவ முடியாது. அது உள்வீட்டுச் சண்டை. தனி நாடு என்று அறிவித்தால் ஒப்பந்தம் போடலாம், கடன் வாங்கலாம். கண் வைத்தது பிரான்ஸ் மீது.

தோற்றுக்கொண்டே ஜெயித்த போர்

வாஷிங்டன் தோற்ற சண்டைகள் வென்றவற்றைவிட அதிகம். 1776இல் நியூயார்க் போனது. 1777இல் காங்கிரஸ் கூடும் பிலடெல்பியாவே போனது. ஐரோப்பாவில் தலைநகர் விழுந்தால் போர் முடிந்தது என்று பொருள். இங்கே காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு லங்காஸ்டர் போய் ஒரே நாள் கூடி, பிறகு யார்க் என்ற ஊருக்குப் போய் உட்கார்ந்தது. பிடித்தால் எல்லாம் முடியும் என்ற ஒரு புள்ளி அந்த நாட்டில் இல்லை.

பிரிட்டிஷ் படை கரையோர நகரங்களைப் பிடிக்கும். உள்ளே போனால் உணவும் ஆளும் கிடைக்காது. உத்தரவு அட்லாண்டிக்கைக் கடந்து வர வாரக்கணக்கில் ஆகும். வாஷிங்டனின் வேலை படையைக் கலையாமல் வைத்திருப்பது. அதற்கு முதல் எதிரி நோய். 1777–78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் சுமார் 2,000 பேர் இறந்தது நோயால்தான். அதற்கு முந்தைய ஆண்டே பெரியம்மைக்கு எதிராகப் படை முழுவதற்கும் அம்மை குத்த அவர் உத்தரவிட்டிருந்தார். அவர் எடுத்த மிகச் சிறந்த போர் முடிவு அதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதாகச் சரணடைந்தது. ரகசியமாக வெடிமருந்து அனுப்பிக்கொண்டிருந்த பிரான்ஸ், இவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்று நம்பி 1778 பிப்ரவரியில் வெளிப்படையாகக் கூட்டுச் சேர்ந்தது.

கடைசிப் பெரிய சண்டை 1781இல் வர்ஜீனியாவின் யார்க்டவுனில். பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து முகாமிட்டார். கப்பல் வரும் என்ற நம்பிக்கை. நியூயார்க் அருகே இருந்த வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் தெற்கே விரைந்தார்கள். வழியில் சம்பளம் கேட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் முறைத்துக்கொண்டார்கள். காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணத்தை எவரும் வாங்குவதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் கஜானாவிலிருந்து வெள்ளி நாணயம் கடன் வாங்கித்தான் ஒரு மாதச் சம்பளம் பட்டுவாடா ஆனது. செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா வாயிலில் பிரெஞ்சுக் கடற்படை பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியது. கடல் வழி அடைபட்டது. முற்றுகையிட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர்கள். அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

ஆம், அதே கார்ன்வாலிஸ்தான். 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பாராமகாலையும் எழுதி வாங்கியவர்.

நம் கரைக்கும் இந்தப் போர் வந்தது. பிரான்ஸ் போரில் இறங்கியதால் 1778இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1782இல் திருகோணமலை இரு முறை கைமாறியது. 1783 ஜூனில் கடலூரைச் சுற்றி நிலத்திலும் கடலிலும் இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் ஐந்து மாதம் முன்பே பூர்வாங்க சமாதானம் ஆகியிருந்தது. செய்தி கடலூருக்கு ஜூன் இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸ் உடன்படிக்கை. பிரிட்டன் சுதந்திரத்தை ஏற்றது. மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தையும் விட்டுக்கொடுத்தது. அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளை எவரும் கேட்கவில்லை.

இரண்டு வேலை முடிந்தது. பிரிந்தாயிற்று, ஜெயித்தாயிற்று. அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவைப் பார்த்தால் பதின்மூன்று மாநிலங்களின் பெயரும் வரிசையாக இருக்கும். பிரிட்டன் ஏற்றுக்கொண்டது பதின்மூன்று சுதந்திர அரசுகளை.

சீட்டு அனுப்பிய காங்கிரஸ்

போரை நடத்திக்கொண்டே 1777 நவம்பரில் காங்கிரஸ் ஓர் உடன்படிக்கை எழுதியது. கூட்டிணைவு விதிகள் என்று பெயர். எல்லா மாநிலமும் ஒப்புக்கொண்டு அது அமலுக்கு வந்ததே 1781 மார்ச் 1 அன்றுதான். போரின் பெரும்பகுதி எழுதிய விதி எதுவும் அமலில் இல்லாமலேயே நடந்தது.

அதன்படி மாநிலத்துக்கு ஒரு வாக்கு, பெரியது சிறியது பேதமில்லை. முக்கிய முடிவுக்கு 9 மாநிலம் வேண்டும். விதியைத் திருத்த 13உம் வேண்டும். காங்கிரஸ் போர் தொடுக்கலாம், உடன்படிக்கை செய்யலாம், கடன் வாங்கலாம், தபால் நடத்தலாம். வரி போட முடியாது, வணிகத்தை ஒழுங்குபடுத்த முடியாது, சொன்னதைச் செய்ய வைக்கவும் முடியாது.

இவர்கள் முட்டாள்களா? இல்லை. தொலைவில் உட்கார்ந்த ஒரு மன்றம் வரி போட்டதை எதிர்த்துத்தான் இத்தனை ரத்தம் சிந்தினார்கள். அந்த அதிகாரத்தை உடனே இன்னொரு மன்றத்துக்கு எப்படித் தூக்கிக் கொடுப்பார்கள்?

ஆக, நாட்டாமைக்குச் சீட்டு அனுப்பும் முறைதான். 1782ஆம் ஆண்டுக்காக மாநிலங்களிடம் 80 லட்சம் டாலர் கேட்டார்கள். வந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு முன்பு, பணமில்லாமல் காகிதப் பணம் அச்சிட்டுப் பார்த்தார்கள். 1780இல் காங்கிரஸே 40 காகித டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று மதிப்பைக் குறைத்தது. வரி வருமானத்தின் பலம் இல்லாத காகிதப் பணம் வெறும் காகிதம்தான்.

இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை மட்டுமாவது அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். திருத்தத்துக்கு 13உம் சம்மதிக்க வேண்டுமே. 12 மாநிலம் சம்மதிக்க இருந்தபோது, 1782இல் மிகச் சிறிய ரோட் ஐலண்ட் முடியாது என்றது. மறுபடி கேட்டார்கள், இந்த முறை நியூயார்க் கெடுத்தது.

1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். காவலுக்கு மாநிலப் படையை அழையுங்கள் என்று காங்கிரஸ் பென்சில்வேனியாவைக் கேட்டது. அது கைவிரித்தது. ஒரு பேரரசை வென்ற நாட்டின் காங்கிரஸ், தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பயந்து பிரின்ஸ்டனுக்கு ஓடியது.

இதே காங்கிரஸ் உருப்படியாக ஒன்று செய்தது. 1787இல் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்துக்கு ஒரு சட்டம் இயற்றி, அங்கே உருவாகும் பகுதிகள் காலனியாக இருக்காது, பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகும் என்றது. அடிமைமுறையையும் அங்கே தடுத்தது.

கடைசி அடி மாசசூசெட்ஸில் விழுந்தது. போர்க் கடனை அடைக்க அந்த மாநிலம் கடுமையாக வரி போட்டது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் நாணயமே இல்லை. கடன் வழக்கில் நிலம் ஜப்தியானது. 1786இல் அவர்கள் திரண்டு போய், ஜப்தி உத்தரவு போட முடியாதபடி நீதிமன்றங்களை மூடினார்கள். தலைவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரி 25 அன்று ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி வந்தபோது பீரங்கி சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். கிடங்கு காங்கிரஸுக்குச் சொந்தம். காத்தது மாநிலப் படை. கலகத்தை ஒடுக்க மேலும் திரட்டிய படைக்குப் பணம் தந்தது பாஸ்டன் பணக்கார வணிகர்கள். காங்கிரஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பூட்டிய அறையில் நான்கு மாதம்

1787 மே 25 அன்று பிலடெல்பியாவில் மாநாடு தொடங்கியது. வந்தவர்கள் மொத்தம் 55 பேர், 12 மாநிலங்களிலிருந்து. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. கூட்டிணைவு விதிகளைத் திருத்தத்தான் அழைப்பு. கோடை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, பேசுவது வெளியே போகக் கூடாது என்று முடிவு செய்து, பழைய விதிகளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார்கள். கொடுத்த வேலையைத் தாண்டினார்கள் என்று அன்றைக்கே குற்றம் சாட்டியவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு.

வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் முன்கூட்டியே தயாரித்த வர்ஜீனியா திட்டம், மக்கள்தொகைப்படி இடம் தரும் வலுவான நாடாளுமன்றத்தைக் கேட்டது. டெலவேர் போன்ற குட்டி மாநிலத்துக்கு அது தற்கொலை; வர்ஜீனியாவின் மக்கள்தொகை அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை விடமாட்டோம் என்றது நியூஜெர்சி திட்டம். வாரக்கணக்கில் இழுபறி. ஜூலை 16 அன்று சமரசத்துக்கு வாக்கெடுப்பு: ஆதரவு 5 மாநிலம், எதிர்ப்பு 4, மாசசூசெட்ஸ் இரண்டாகப் பிளந்து செல்லாமல் போனது. ஒரே ஒரு மாநில வாக்கில் தப்பியது இன்றைய அமைப்பு. கீழவையில் மக்கள்தொகைப்படி இடம். செனட் என்ற மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு.

மக்கள்தொகை என்றால் யாரை எண்ணுவது? அடிமைகளை எண்ணினால் தெற்குக்கு இடம் கூடும். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஐந்து அடிமைகளை மூவராக எண்ணுவது என்று பேரம் முடிந்தது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்றும், தப்பியோடியவரைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதினார்கள். இத்தனைக்கும் ‘அடிமை’ என்ற சொல் அந்த ஆவணத்தில் எங்குமே வராது. கூச்சம் இருந்திருக்கிறது. அதைத் தாண்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். ஒன்றியத்தின் விலையை அந்த அறையில் இல்லாதவர்கள் கட்டினார்கள்.

தேர்க்கணக்குக்கு வருவோம். புதிய அரசியலமைப்பின் உயிர்நாடி மூன்று விஷயங்கள். காங்கிரஸ் தானே வரி போட்டு வசூலிக்கலாம். ஜனாதிபதி என்ற தனி நிர்வாகமும் தனி நீதித்துறையும் இருக்கும். தேசியச் சட்டமே நாட்டின் மேலான சட்டம். மாநில நீதிபதிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கமிட்டி கையில் ரசீதுப் புத்தகம் வந்துவிட்டது.

பதின்மூன்று அல்ல, ஒன்பது போதும்

பழைய விதிப்படி 13 மாநிலமும் ஒப்ப வேண்டும். அப்படி விட்டால் ரோட் ஐலண்ட் கதையை முடித்துவிடும் என்று தெரியும். எனவே 9 மாநிலம் ஒப்பினால், ஒப்பியவற்றுக்குள் நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். மாநிலச் சட்டமன்றங்களிடமும் கேட்கவில்லை. தங்கள் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ள அவை எப்படிச் சம்மதிக்கும்? இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த தனி மாநாடுகளிடம் கொண்டு போனார்கள்.

‘ஐக்கிய மாகாணங்களின் மக்களாகிய நாங்கள்’ என்ற தொடக்கம் உலகப் புகழ் பெற்றது. ஆகஸ்ட் வரைவில் அந்த இடத்தில் மாநிலங்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. எந்த ஒன்பது சேரும் என்றே தெரியாதபோது பதின்மூன்றின் பெயரை எப்படிப் போடுவது? பட்டியல் போய், அந்த வரி வந்தது.

1787 டிசம்பர் 7 அன்று டெலவேர் முதலில் ஒப்பியது. செனட்டில் சம இடம் கிடைத்துவிட்டதே. மாசசூசெட்ஸ் மாநாட்டில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடவில்லையே என்ற எதிர்ப்பு வலுத்தபோது, முதலில் ஒப்புங்கள், பிறகு திருத்தம் சேர்ப்போம் என்று பேசி முடித்தார்கள். 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. சட்டப்படி வேலை முடிந்தது. ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் நாடு எது? வர்ஜீனியா 89க்கு 79, நியூயார்க் 30க்கு 27. ரோட் ஐலண்ட் 1790 மே 29 வரை இழுத்தது. வெளிநாடாக நடத்தி வணிகத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டலுக்குப் பிறகு 34க்கு 32 என்ற கணக்கில் உள்ளே வந்தது. வாக்குறுதி தந்த உரிமைத் திருத்தங்கள் பத்து 1791இல் சேர்ந்தன.

காகிதம் அரசானது

1789இல் நியூயார்க்கில் புதிய காங்கிரஸ் கூடியது. ஜூலை 4 அன்றே இறக்குமதித் தீர்வைச் சட்டம் கையெழுத்தானது. ஏழாண்டு கெஞ்சியும் கிடைக்காத வரி இது. துறைமுகத்தில் தேசிய அரசின் அதிகாரி உட்கார்ந்து, சரக்கு இறக்கும் வணிகரிடம் நேராக வாங்கினார். எந்த மாநிலத்துக்கும் சீட்டு போகவில்லை. அந்த வருமானத்தை நம்பி, நிதித்துறைத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க் கடனையும் தேசிய அரசின் கணக்கில் ஏற்றினார். கடன் கொடுத்த பணக்காரர்களுக்கு இனிமேல் தேசிய அரசு பிழைத்திருப்பதில் சொந்த அக்கறை வந்தது.

சோதனை 1794இல் வந்தது. 1791 முதல் விஸ்கி மீது வரி இருந்தது. மேற்கு பென்சில்வேனியா விவசாயிக்கு விஸ்கி குடிப்பதற்கு மட்டுமல்ல. மலையைத் தாண்டித் தானிய மூட்டையைச் சுமந்தால் கூலி கட்டாது, காய்ச்சிப் பீப்பாயில் கொண்டுபோனால் கட்டும். ஷேஸ் காலத்தைப் போலவே மேற்கத்திய விவசாயிகள், அதே நாணயத் தட்டுப்பாடு, அதே கோபம். வரி அதிகாரியின் வீட்டைக் கொளுத்தினார்கள்.

இந்த முறை எந்த வணிகரிடமும் பணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், அங்கே சாதாரண முறையில் சட்டத்தை அமலாக்க முடியவில்லை என்று சான்று தந்தார். ஜனாதிபதி வாஷிங்டன் நான்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 13,000 பேரைத் திரட்டி, வழியில் ஒரு பகுதி தானே உடன் சென்றார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளில்லை. தேசத் துரோகக் குற்றத்தில் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவரையும் வாஷிங்டன் மன்னித்து அனுப்பினார்.